டுனிசியன் குரோஷே: முதல் மாதிரித் துண்டிலிருந்து மூவண்ணச் சோதனை வரை

கொக்கி ஊசியால் நூல் பின்னும் சாதாரணக் குரோஷேயில் ஒரு தையலை முடித்த பிறகே அடுத்ததற்குச் செல்கிறோம். டுனிசியன் குரோஷேயிலோ, போகும் வரிசையில் கண்ணிகள் (நூல் வளையங்கள்) அனைத்தையும் ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு, திரும்பும் வரிசையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறோம். இதற்காகவே நுனி முதல் அடி வரை ஒரே பருமனும், கண்ணிகள் நழுவாதபடி அடியில் ஒரு குமிழும் உள்ள நீண்ட ஊசி தேவைப்படுகிறது. பின்னலைத் திருப்பிப் பிடிப்பதே இல்லை.

நூல் மழமழப்பாகவும் வெளிர் நிறத்திலும் இருந்தால் இழைகள் தெளிவாகத் தெரியும். உறையில் 4 மி.மீ. ஊசி என்று இருந்தால் 5.5 அல்லது 6 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், சிறிய ஊசியில் பின்னல் விறைப்பாகி, ஓரங்கள் கடுமையாகச் சுருண்டுகொள்ளும்.

20 சங்கிலி போட்டு, இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு சங்கிலியின் பின்புற முடிச்சிலும் ஊசியை நுழைத்து ஒரு கண்ணி எடுங்கள். கடைசியில் ஊசியில் 20 கண்ணிகள் இருக்க வேண்டும். திரும்பும்போது நூலைச் சுற்றி முதலில் ஒரு கண்ணி வழியாக மட்டும் இழுத்து, பின்னர் ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு கண்ணிகள் வழியாக இழுத்து, ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை தொடருங்கள். மிஞ்சிய அந்தக் கண்ணியே அடுத்த வரிசையின் முதல் தையல் என்பதால், அதன் நேர் கீழே நிற்கும் செங்குத்து இழையை விட்டுவிட்டு, அடுத்த இழையிலிருந்து கண்ணி எடுக்கத் தொடங்குங்கள். இதுதான் சிம்பிள் ஸ்டிட்ச்.

இடது ஓரத்தின் கடைசித் தையல் தனிக் கவனம் கேட்பது. பின்னலைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் அங்கு முன்னும் பின்னுமாக இரண்டு இழைகள் தெரியும்; இரண்டையும் சேர்த்து அடியில் ஊசியை நுழைத்தால்தான் ஓரம் உறுதியாகவும் நேராகவும் அமையும். துண்டு மேலே போகப் போகக் குறுகினால், பெரும்பாலும் இந்தத் தையல் விட்டுப்போயிருக்கும். இல்லையேல் திரும்பும் வரிசையில் நூலை இறுக்கி இழுத்திருப்பீர்கள்.

பத்து வரிசை பழகிய பிறகு சோதனைகளைத் தொடங்கலாம். முன் இழைக்கும் பின் இழைக்கும் நடுவே ஊசியைப் பின்பக்கம்வரை செலுத்தினால், ஸ்வெட்டர் பின்னல் போன்ற நிட் ஸ்டிட்ச் கிடைக்கும். அது தடிமனானது, சுருளும் குணமும் அதிகம். நூலை முன்னால் கொண்டுவந்துவிட்டு, சிம்பிள் ஸ்டிட்ச் போலவே கண்ணி எடுப்பது பர்ல். சிம்பிளையும் பர்லையும் மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் இடம் மாற்றிப் பாருங்கள். சுருள்வதை வெகுவாகக் குறைக்க இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

நிறச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது, போகும் வரிசை ஒரு நிறம், திரும்பும் வரிசை வேறொரு நிறம் என்று போடுவது. இரண்டே நிறங்கள் என்றால், வேண்டிய நூல் எப்போதும் எதிர் ஓரத்தில் நின்றுவிடும். மூன்று நிறங்களைச் சுழற்சியாகப் பயன்படுத்தினாலோ, ஒவ்வொரு நிறத்தின் முறை வரும்போதும் அந்த நூல் சரியான ஓரத்திலேயே காத்திருக்கும், வெட்ட வேண்டியதில்லை. திரும்பும் வரிசையில் கடைசி இரண்டு கண்ணிகள் மிஞ்சும்போது, அடுத்த நிறத்தால் அவற்றின் வழியாக இழுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிக்கும்போது, அந்த வரிசைக்குரிய முறையிலேயே ஊசியை நுழைத்து, நூலை இரு கண்ணிகள் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுத்துச் சென்றால், மேல் விளிம்பில் ஓட்டைகள் தெரியாது.