மின்னல் எங்கே தொடங்குகிறது? வன்னியில் உணரி வைப்பவர்கள் விடக் கூடாத பிழைகள்

மின்னல் தொடங்கும் புள்ளியைத் தேடி உணரி வைப்பவர்கள், கண்ணில் படும் வெளிச்சத்தையே மின்னலின் தொடக்கம் என்று நினைப்பதுதான் பெரிய பிழை, மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. நிலத்தில் விழும் மின்னலில் நாம் பார்க்கும் பளிச்சீடு பிந்திய கட்டம். அதற்கு முன்பே, ஏறத்தாழ ஆறேழு கிலோமீற்றர் உயரத்தில், முகிலுக்குள் பனித்துகள்கள் மோதி மின்னேற்றம் பிரிந்திருக்கும் பகுதியில், ஏதோ ஒரு சிறு இடத்தில் காற்று மின்முறிவுக்கு உள்ளாகி (அதாவது மின்னைக் கடத்தத் தொடங்கி), அங்கிருந்து பாதை படிப்படியாக இறங்கி நிலத்தைத் தொடுவதற்குச் சில பத்து மில்லிசெக்கன்கள் போய்விடும். பளிச்சீட்டின் துடிப்பு வந்த பிறகு பதியத் தொடங்கும் கருவிக்கு நீங்கள் தேடுவது கிடைக்கவே கிடைக்காது. கடந்துபோன இருநூறு மில்லிசெக்கனையாவது எப்போதும் நினைவகத்தில் வைத்திருந்து, துடிப்பு வந்ததும் அதையும் சேர்த்துச் சேமிக்கும்படி கருவியை அமையுங்கள்.

மாணவர் செயற்றிட்டங்களில் அடிக்கடி வரும் ஏஎஸ்3935 என்ற மின்னல் உணரி சிப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மின்னலின் ரேடியோ அலையை 500 கிலோஹேர்ட்ஸில் கேட்டு, புயல்முகில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று 40 கிலோமீற்றர் வரை மதிப்பிடும், அவ்வளவுதான். வயலில் நிற்பவர்களை எச்சரிக்க நல்லது. மின்னல் தொடங்கிய புள்ளியை அதனால் காட்ட முடியாது. அதற்கு மிக உயர் மீடிறன் (அதிர்வெண்) ரேடியோ அலைகளைக் கேட்கும் அண்டெனாக்கள் பல வேண்டும். நியூ மெக்சிகோவில் உருவான மின்னல் வரைபட அணி என்ற அண்டெனாத் தொகுதி 60 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் கேட்கிறது, நெதர்லாந்தின் லோஃபார் ரேடியோத் தொலைநோக்கி 30 முதல் 80 வரை.

அப்புறம் நேரம். எல்லாமே ஒரே அலை ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் ஓடும், ஒரு மில்லிசெக்கனில் 300 கிலோமீற்றர், அதாவது இலங்கையின் அகலத்தையும் தாண்டிவிடும். இன்டர்நெட்டில் மணிக்கூட்டைச் சரிசெய்த கணினியை நம்பினால் மில்லிசெக்கன் அளவில் பிழை வரும், பிறகு வரைபடத்தில் என்ன புள்ளி போட்டாலும் பொருளில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் செக்கனுக்கு ஒரு துடிப்பு தரும் ஜி.பி.எஸ். கட்டாயம்.

வன்னியில் இன்னொரு பிழைக்கு வழி திறந்தே கிடக்கிறது. ஏ9 வீதியில் பஸ் போகும், மின்சாரம் இருக்கும், ஆகவே வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று உணரிகளை வைத்துவிடத் தோன்றும். இவை நான்கும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன. கோட்டில் வைத்த உணரிகளுக்கு மின்னல் முல்லைத்தீவுப் பக்கமா மன்னார்ப் பக்கமா என்று தெரியாது, இரண்டுக்கும் அதே நேர வித்தியாசங்களே வரும். உயரத்தையும் தூரத்தையும் பிரிக்கவும் முடியாது. வீதியை விட்டு விலகுங்கள்: ஒட்டுசுட்டான், மல்லாவி, பூநகரி. இடமும் நேரமுமாக நான்கு தெரியாக் கணியங்கள் இருப்பதால் நான்கு நிலையம் குறைந்தபட்சம், ஆறு ஏழு என்றால் பிழையைச் சோதிக்கலாம். உயரம் சரியாக வர, ஒரு நிலையமாவது முகிலுக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே இருக்க வேண்டும். தரை தட்டையாக இருப்பது நமக்குப் பெரிய வாய்ப்பு, இந்த அலைகள் மலை மறைத்தால் வராது.

தகரக் கூரைக்குப் பக்கத்திலோ தண்ணீர் மோட்டருக்கும் சோலர் இன்வேர்ட்டருக்கும் அருகிலோ அண்டெனா வேண்டாம். காற்றிலுள்ள மின்புலத்தை அளக்கும் மின்புலமானியைக் கோபுரத்தில் ஏற்றினால் உண்மையைவிடப் பல மடங்கு காட்டும்.

தொடக்கப் புள்ளி கிடைத்த உடனே காரணத்தையும் கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள். கடல்மட்டத்தில் காற்று முறிய மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற் வேண்டும். முகில் உயரத்தில் அதில் பாதியளவு போதும் என்றாலும், உள்ளே அளந்து கண்டது பெரும்பாலும் சில இலட்சம்தான். பனித்துகளின் முனையில் புலம் கூடுகிறதா, அண்டக் கதிர்கள் துணை செய்கின்றனவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இடி கேட்டால் கேபிளைத் தொடவோ அண்டெனாவுக்குக் கிட்டப் போகவோ கூடாது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியட்டும். அந்த நேரத்தில் தரவு போனால் போகட்டும்.