எர்த் ரீடிங் ஏறிவிட்டதா? மண்வெட்டியை அப்புறம் எடுக்கலாம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று யாராவது சொன்னால், பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் யோசனை: "எர்த் குழியில ரெண்டு வாளி உப்புத் தண்ணி ஊத்துங்க." ஊற்றுவார்கள். குழி குடிக்கும். சுர்ர் மட்டும் அப்படியே இருக்கும்.

எர்த் என்றால் பைப் புதைத்த அந்தக் குழி மட்டும்தான் என்று நினைப்பதே முதல் தவறு. பிரிட்ஜின் உடம்பில் பேஸ் (கரன்ட் வரும் கம்பி) பட்டால், கரன்ட் எர்த் கம்பி வழியாக டிபிக்கு (வீட்டின் மெயின் பெட்டி) வந்து, அங்கிருந்து குழிக்கு இறங்கி, மண்ணுக்குள் நடந்து, டிரான்ஸ்பார்மர் எர்த்தில் ஏறி, திரும்பவும் பேஸ் கம்பியில் வந்து சேர வேண்டும். அந்த முழுச் சுற்றின் தடையைத்தான் லூப் டெஸ்டர் ஓமில் காட்டுகிறது. சுற்றில் எந்த இடம் கெட்டாலும் எண் ஏறும். அதனால் டிபியில் ஒரு தடவை, பிளக் பாயின்டில் ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் அளக்காமல் எதையும் தோண்டக் கூடாது.

ஒரு வீட்டில் டிபியில் 11 ஓம். ஹால் பாயின்டில் 11.3. சமையலறை 16 ஆம்பியர் பாயின்டில் மட்டும் 47. குழி ஒன்றுதானே, அது எப்படிச் சமையலறைக்கு மட்டும் கெட்டுப்போகும்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் ஓடினால், போக வரச் சேர்த்து 0.3 ஓம்தான் கூட வேண்டும். இங்கே 36 ஓம் கூடியிருக்கிறது. மெயினை அணைத்து, கரன்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சாக்கெட் பெட்டியைக் கழற்றினேன். எர்த் கம்பியைச் சாக்கெட்டில் மாட்டாமல், இரும்புப் பெட்டியின் திருகில் சுற்றி விட்டிருந்தார்கள். திருகு துருவாகி உப்பியிருந்தது. கம்பி பச்சைப் பொடி பூத்து, விரல் பட்டதும் ஒடிந்தது. வேறென்ன, உப்புக்காற்றின் வேலை. பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டி, சாக்கெட்டின் எர்த் டெர்மினலிலேயே முறுக்கிய பின் 11.4. குழியை யாரும் தொடவில்லை.

அதே வீட்டில் எனக்கு முன் வந்தவர் ஹோல்டர் பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து, "ஜோரா எரியுது, எர்த் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எரியத்தான் செய்யும். 100 வாட் குண்டு பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. வழியில் 47 ஓம் இருந்தாலும் அதில் போவது 20 வோல்ட்டுக்குள்தான். வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. மல்டிமீட்டரின் பீப் இதைவிட மோசம். சில மில்லி ஆம்பியரை வைத்துச் சோதிக்கும் கருவிக்கு, ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு இழையும் முழுக் கம்பிதான்.

"எம்சிபி இருக்கே, விழாதா?" என்பார்கள். எம்சிபி என்பது கரன்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச். 230ஐ 47ஆல் வகுத்தால் 4.9 ஆம்பியர். யாரோ அயர்ன் பண்ணுகிறார்கள் என்று நினைத்து எம்சிபி பேசாமல் இருக்கும். பிரிட்ஜின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நிற்கும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி கண்டிப்பாக உடனே விழ 160 ஆம்பியர் வேண்டும், அதாவது சுற்று 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். நம் வீட்டுக் குழியும் டிரான்ஸ்பார்மர் குழியும் மண் வழியாகச் சேரும்போது அதெல்லாம் கனவு. அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. அது 47 ஓமிலும் விழும், 200 ஓமிலும் விழும். அதனால் எர்த்தை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. இன்று 47 காட்டும் இணைப்பு நாளை விட்டுப்போகும். அப்புறம் கரன்ட் போக மிச்சமிருக்கும் ஒரே வழி, ஈரக் கையோடு பிரிட்ஜைத் திறப்பவரின் உடம்பு. ஆர்சிசிபி அப்போதும் விழலாம், ஆனால் அவருக்கு அடித்த பிறகு.

சரி, டிபியிலேயே ரீடிங் எகிறினால்? அப்போதும் முதலில் குழிக்கு வரும் கம்பியையும் கிளாம்பையும் பாருங்கள். குழியில் இறக்கிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கிளாம்புக்குக் கீழேயே துருவாகி அறுந்திருப்பது இந்தப் பக்கம் அதிசயமில்லை. ஆனால் மெயின் அணைக்காமல் எர்த் கம்பியைக் கழற்றாதீர்கள். எங்காவது லீக் இருந்தால் கழற்றிய முனை உங்களைத்தான் வழியாக எடுத்துக்கொள்ளும். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயிலேயே எர்த்தைக் கட்டியிருப்பார்கள். பிளம்பர் வந்து இரும்பை எடுத்துவிட்டு பிவிசி போட்ட அன்றைக்கே எர்த் போயிருக்கும். யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் பக்கத்தில் இருக்கிறதே, மண்ணில் உப்புக்கு என்ன குறை என்று தோன்றும். மேல் மணல் காய்ந்துவிட்டால் அதன் தடை பயங்கரமாக ஏறும். ஐப்பசி மழையில் 8 ஓம் காட்டிய குழி, சித்திரை வெயிலில் அதைப்போலப் பல மடங்கு காட்டலாம். அளப்பதென்றால் வெயில் காலத்தில் அளக்க வேண்டும். வாளி வாளியாக உப்பு கொட்டினால் மழையில் கரைந்து போகும், போவதற்குள் பைப்பையும் அரித்துவிடும். ஈரம் நிற்கும் ஆழம் வரை எர்த் பைப்பை இறக்குவதுதான் வேலை.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் (கரன்ட் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தையும் சேர்த்து முறுக்குவதில்தான். லூப் டெஸ்டர் 1 ஓமுக்குக் கீழே காட்டும், வேலை பார்த்தவரும் கெட்டிக்காரர் ஆகிவிடுவார். நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால் பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் பேஸ் வந்து நிற்கலாம். அந்த நியூட்ரல் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருப்பதென்றால், லோடு போட்டதும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். உடனே "இது கோளாறு" என்று அதையும் கழற்றிவிடுவார்கள்.

லூப் டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆர்சிசிபி விழாமல் அளக்கும் நிலையில் வைத்தால் எண் கொஞ்சம் ஆடும், அதனால் மூன்று நான்கு தடவை எடுங்கள். மோட்டாரின் உடம்பு போர்வெல்லின் இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே இன்னொரு எர்த்தாக வேலை செய்து, குழியின் லட்சணத்தை மறைத்துவிடும்.

அப்புறம், ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தான். அழுத்தினேன், விழுந்தது, எர்த் ஓகே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கரன்ட்டைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது டக்கென்று விழும்.