ரெமெதியோஸ் வாரோவின் ஓவியங்களைப் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆந்தை முகமும் இறகு உடலுமாக ஒரு பெண் மேசைமுன் உட்கார்ந்து பறவை வரைகிறாள். 1957-இல் ரெமெதியோஸ் வாரோ வரைந்த 'பறவைகளின் படைப்பு' இது. பார்த்தவுடன் பெரும்பாலும் நம் வாயில் வருவது, "எப்படிப்பட்ட கனவு!" என்பதுதான். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தவறே அதுதான்.

வாரோவைச் சேர்த்துப் பேசப்படும் சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தைச் சொன்னாலே கனவில் கண்டதை அப்படியே இறக்கிவைப்பது என்று பழகிவிட்டோம். பாரிஸில் அந்த இயக்கத்தினர் மனம் போன போக்கில் கையை ஓடவிடுவதைக் கொண்டாடியதும் உண்மை. ஆனால் வாரோ வந்த வழி வேறு. 1908-இல் ஸ்பெயினின் ஆங்லெஸ் ஊரில் பிறந்தவர். அப்பா நீரியல் பொறியாளர். அப்பாவின் வரைபடங்களைப் பார்த்துப் பிரதியெடுத்துத்தான் சிறுமியின் கை பழகியது. அவர் ஓவியங்களில் வரும் கப்பி, சக்கரம், குழாய் எல்லாம் பார்ப்பதற்கு நிஜமாகவே வேலை செய்யும்போல இருப்பது அதனால்தான். முதலில் முழு அளவில் கோட்டோவியம் போடுவார், பிறகு அதைப் பலகைக்கு மாற்றுவார். தற்செயலையும் அவர் ஒதுக்கவில்லை. ஈர வண்ணத்தின்மேல் ஒன்றை அழுத்தி எடுத்தால் பாசிபோல, மரப்பட்டைபோல ஒரு தடம் விழும். அதை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் மயிரிழைத் தூரிகையால் நுணுக்கமாக வேலை செய்வார்.

சரி, அந்த ஆந்தைப் பெண்ணிடம் திரும்புவோம். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு முட்டை வடிவக் கருவி எதையோ உறிஞ்சி, வடித்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று சொட்டாகத் தட்டில் விடுகிறது. ஒரு கையில் முக்கோணக் கண்ணாடி. நட்சத்திர ஒளி அதன் வழியே முறிந்து காகிதத்தில் விழுகிறது. இன்னொரு கையில் தூரிகை. அதன் மறுமுனை அவள் மார்பில் தொங்கும் வயலினோடு சேர்ந்திருக்கிறது. ஒளி பட்ட பறவை காகிதத்தைவிட்டு எழுந்து பறக்கிறது. வாரோவின் ஆன்மிகம் முழுவதும் இந்த மேசையில் இருக்கிறது என்பேன். நிறம் வெளியிலிருந்து வருகிறது, ஒளி மேலிருந்து வருகிறது, கோடு நெஞ்சிலிருந்து வருகிறது. ஆனாலும் ஒருத்தி உட்கார்ந்து, கவனம் சிதறாமல் வேலை செய்தால்தான் பறவை பறக்கும். இதைக் கனவு என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

அடுத்த தவறு, அகராதி வைத்துக்கொண்டு பார்ப்பது. ஆந்தை என்றால் ஞானம், கோபுரம் என்றால் சிறை, முட்டை என்றால் பிறப்பு. ரசவாதம், ஆன்மிக ஆசான் குர்ஜீஃபின் போதனை, உளவியலாளர் யுங்கின் சிந்தனை எல்லாவற்றிலும் வாரோவுக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது, அது தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அர்த்தம் கிடைத்த கணத்தில் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

அப்புறம், பயபக்தியோடு மட்டும் பார்ப்பது. 1960-இல் வரைந்த ஓவியம் ஒன்றில், உளப்பகுப்பாய்வு மருத்துவரின் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வருகிறாள். கதவருகே மருத்துவரின் பெயராக மூன்று எழுத்துகள்: உளப்பகுப்பாய்வின் முன்னோடிகளான ஃப்ராய்ட், யுங், ஆட்லர் மூவரின் முதலெழுத்துகள். அவள் தன் அப்பாவின் தலையைக் கிணற்றில் போடப்போகிறாள். அங்கிருந்து வெளியே வருபவர்கள் செய்யவேண்டிய முறையான காரியம் அதுதான் என்று வாரோவே குறிப்பு எழுதியிருக்கிறார். 1959-இல் கோழி, வான்கோழி, மீன் எலும்புகளைச் சேர்த்து, காலுக்குப் பதில் சக்கரம் வைத்த ஒரு ஆதிமனித எலும்புக்கூட்டையும் செய்தார். அதற்கு ஒரு பொய் ஆராய்ச்சிக் கட்டுரை வேறு! தேடலையும் சிரிப்பையும் அவர் பிரித்துவைக்கவே இல்லை. சிரிக்காமல் பார்ப்பவருக்குப் பாதி வாரோதான் கிடைப்பார்.

ஒரு படத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. 'பூமியின் போர்வையை நெய்தல்' (1961) தனியாகப் பார்த்தால் ஒரு சோகக் காட்சி. கோபுரத்துக்குள் அடைபட்ட பெண்கள், முகமூடி அணிந்த ஒருவரின் கண்காணிப்பில் பூவேலை செய்கிறார்கள். அந்தத் துணி ஜன்னல் வழியே வழிந்து வீடுகளாக, மரங்களாக, உலகமாக விரிகிறது. வாரோ படித்தது கன்னியாஸ்திரிகளின் பள்ளியில், அந்த நினைவு இதில் இருக்கிறது. ஆனால் இது ஒரே கதையைச் சொல்லும் மூன்று ஓவியங்களில் நடுவில் உள்ளது. துணியின் மடிப்புக்குள் கொஞ்சம் தேடிப் பாருங்கள்: ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் தன்னையும் தன் காதலனையும் தலைகீழாகப் பின்னி வைத்திருக்கிறாள். மூன்றாவது படத்தில் இருவரும் தப்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கைபேசித் திரையில் அந்த மடிப்பு தெரியவே தெரியாது, பெரிதாக்கித்தான் பார்க்கவேண்டும்.

வாரோவை யாருடைய மனைவி, யாருடைய தோழி என்று தொடங்கி அறிமுகப்படுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குத் தப்பி 1941 கடைசியில் மெக்சிகோ சென்றார், பிழைப்புக்காக விளம்பரப் படங்கள் வரைந்தார், 1956-இல் முதல் தனிக் கண்காட்சி வைத்தார், 1963 அக்டோபரில் மாரடைப்பில் இறந்தார். நாம் இன்று வியக்கும் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசிப் பத்து ஆண்டுகளைச் சேர்ந்தவை.

அவர் முடித்த கடைசிப் படத்தைச் சாவின் முன்னறிவிப்பாகப் படிக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் மனிதர் யாரும் இல்லை. வட்ட மேசை, நடுவில் மெழுகுவர்த்தி. தட்டுகள் சுழல்கின்றன, பழங்கள் கோள்கள்போல் சுடரைச் சுற்றுகின்றன. சில மோதி உடைகின்றன. சிதறிய விதைகள் தரையில் விழுந்து, அங்கேயே முளைவிட்டிருக்கின்றன.