பழைய ஜிப்ஸிக்கு ஸ்பார்க் பிளக் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற அந்த நொடியில்தான், சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தீப்பொறியால் பற்றவைக்கும் பிளக்கின் குணம் தெரியும். நல்ல பிளக் என்றால் வண்டி ஒரே இழுவையில் எழுந்து போகும். தேய்ந்த பிளக் என்றால் ஒரு குலுக்கல், சைலன்சரில் ஒரு 'பட்', அப்புறம் பின்னால் வரும் பேருந்தின் ஹாரன்.

எங்கள் வீட்டில் 1998 மாடல் மாருதி ஜிப்ஸி ஜீப் இருக்கிறது. மலையில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. அதனால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை மேலே போய்விடும். இதுவரை நான்கைந்து முறை நானே பிளக் மாற்றியிருக்கிறேன். அதில் ஒரு முறை தவறான பிளக் வாங்கி மாட்டினேன். அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையில் ஓடும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதில் இருப்பது ஹீட்டர் பிளக். இந்தக் கட்டுரை பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு.

முதல் படி: உங்கள் எஞ்சின் எது?

'ஜிப்ஸிக்கு பிளக் கொடுங்க' என்று கேட்டால் போதாது. 1985-ல் வந்த முதல் ஜிப்ஸியில் 970 சிசி எஞ்சின். 1996-ல் கிங் என்ற பெயரோடு 8 வால்வு 1298 சிசி வந்தது. 2000 வாக்கில் அதுவே 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) ஆனது. 8 வால்வுக்கும் 16 வால்வுக்கும் பிளக்கும் வேறு, ஸ்பேனரும் வேறு. ஆர்சி புத்தகத்தில் சிசியையும் வருடத்தையும் பாருங்கள். வண்டியோடு வந்த கையேடு இருந்தால் அதில் பிளக் நம்பரும், பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் அச்சிட்டிருக்கும். அந்த நம்பர்தான் கடைசிவரை நமக்கு ஆதாரம். வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் பிளக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முந்தைய உரிமையாளர் என்ன மாட்டினாரோ யாருக்குத் தெரியும்?

இரண்டாம் படி: பழைய பிளக்குகளைக் கழற்றுங்கள்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக் உட்காரும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். மலையிலிருந்து இறங்கி வந்த இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் கை வைப்பது நல்லது.

பிளக்கைச் சுற்றிச் செம்மண் தூசி படிந்திருக்கும், எஸ்டேட் பாதையில் ஓடிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கழற்றும் முன் சைக்கிள் பம்ப்பால் அந்தத் தூசியை ஊதித் தள்ளுங்கள். பிளக் வெளியே வந்த பிறகு ஒரு சிட்டிகை மண் சிலிண்டருக்குள் விழுந்தாலும் சுவரைக் கீறும்.

பிளக் ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மூடியைப் பிடித்து, லேசாகத் திருகி எடுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக எடுத்தால் ஒயர் மாறிப்போகாது. எடுத்த பிளக்கை ஒரு அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாகக் குத்தி வையுங்கள். அடுத்த படிக்கு இந்த வரிசை தேவை.

மூன்றாம் படி: பிளக்கின் முகத்தைப் படியுங்கள்

புதிய பிளக் வாங்கும் அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கு இதுதான் முழு வேலையிலும் பிடித்த பகுதி. பழைய பிளக்கின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பீங்கான் நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் நலம். ஓடிய கிலோமீட்டருக்குத்தான் மாற்றுகிறீர்கள். சாதாரண நிக்கல் முனை பிளக்குக்கு 20,000 கிலோமீட்டர் ஆகிவிட்டால் மாற்றலாம். கையில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தடுப்பு) மாட்டிக்கொண்டிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்து, சின்னச் சின்ன மணிகள் உருகி ஒட்டியிருந்தால் நுனி அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் கோளாறு அந்த ஒரு சிலிண்டரில். அட்டையில் குத்தி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிது. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே விட்ட அளவுக்கே மேலேயும் பெட்ரோலை விடும். காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போவதால், மலையிலேயே சில நாட்கள் மெதுவாக ஓடிய வண்டியின் பிளக் கொஞ்சம் கறுத்திருக்கும். அது இயல்பு.

நான் தவறியது இங்கேதான். நான்கு பிளக்கும் கறுத்திருந்தன. 'ஒரு நம்பர் குறைச்சுப் போடு தம்பி, கரி பிடிக்காது' என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், நானும் போட்டேன். (நம்பர் குறைந்தால் பிளக்கின் நுனி அதிகம் சுடும், நான்காம் படியில் பார்ப்போம்.) ஏப்ரல் வெயிலில் பின்னால் மூட்டைகளோடு மலை ஏறினேன். எட்டாவது வளைவு தாண்டியதும் எஞ்சினில் டக டக என்று தட்டும் சத்தம். அடுத்த நாள் கழற்றிப் பார்த்தால் நுனி வெளுத்து, ஓரத்தில் கடுகை விடச் சின்னதாக உலோக மணிகள். இன்னும் சில முறை ஏறியிருந்தால் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும். கறுத்ததற்கு உண்மையான காரணம் சோக் கேபிள் பாதியில் சிக்கி நின்றது. பிளக் கறுத்திருந்தால் எஞ்சினைச் சரிசெய்யுங்கள், பிளக் நம்பரை மாற்றாதீர்கள்.

நான்காம் படி: நம்பரைப் பிரித்துப் படியுங்கள்

என் 8 வால்வு வண்டிக்கு என்ஜிகே கம்பெனியில் பிபிஆர்5இஎஸ் (BPR5ES). முதல் பி (B) என்றால் 14 எம்எம் மரை, 21 எம்எம் ஸ்பேனர். அடுத்த பி (P), பீங்கான் நுனி வெளியே நீண்டிருப்பதைக் குறிக்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. ரேடியோ இரைச்சலையும் எலக்ட்ரானிக் பாகங்களுக்கு வரும் தொந்தரவையும் அது குறைக்கும். 5 என்பது வெப்ப எண். இ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 எம்எம். எஸ் என்றால் நடு முனைக்குள் சாதாரண செம்பு மையம்.

இதில் உயிர்நாடியான எழுத்து இ. அந்த இடத்தில் எச் இருந்தால் நீளம் 12.7 எம்எம்தான். அதுவும் அதே துளையில் அழகாக ஏறிவிடும், ஆனால் தீப்பொறி குழிக்குள்ளேயே நின்றுவிடும். மாறாக, குட்டை பிளக் போட வேண்டிய எஞ்சினில் நீளமானதைப் போட்டால் பிஸ்டனே வந்து இடிக்கும்.

வெப்ப எண் பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைச் சொல்கிறது. நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி எரிந்து தானே சுத்தமாகும். 800 டிகிரியைத் தாண்டினால் தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். என்ஜிகே-யிலும் டென்சோ-விலும் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் இரண்டிலும் இது தலைகீழ். என்ஜிகே 5-க்கு இணை டென்சோ 16, பாஷ் 8. என்ஜிகே 6-க்கு டென்சோ 20, பாஷ் 7. கம்பெனி மாற்றி வாங்கினால் எண்ணை மட்டும் பார்த்து எடுக்காமல் இணைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

இரிடியம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு நான் நிக்கல்தான் சொல்வேன். அடிக்கடி கழற்றிப் பார்த்து எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டிய வண்டி இது. விலையும் குறைவு.

ஐந்தாம் படி: கடையில்

பழைய பிளக் ஒன்றையும் எழுதி வைத்த நம்பரையும் எடுத்துப் போங்கள். 'அண்ணா, இதே நம்பர் நாலு வேணுங்க' என்றால், 'அது இல்லீங்க, இதும் ஒண்ணுதான்' என்று வேறொன்றை நீட்டுவார்கள். அவசரப்படாமல் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முடிவில் -11 என்று இருந்தால் இடைவெளி 1.1 எம்எம். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (நான்கு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் பிரிக்கும் பாகம்) வண்டியில், தீப்பொறிக்கு மின்னழுத்தம் தரும் காயிலுக்கு அது பாரம்.

போலி பிளக் புழங்குவதால் பெட்டியைத் திறந்து பாருங்கள். எழுத்து நகத்தில் உரசினால் கலையக் கூடாது. நடு முனை சரியாக நடுவில் இருக்க வேண்டும். வாஷர் கையோடு கழன்று வரக் கூடாது. ஆர் உள்ள பிளக்கின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். பூஜ்யம் காட்டினால் உள்ளே ரெசிஸ்டரே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: மாட்டுவது

ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளி பாருங்கள். என் எஞ்சினுக்கு 0.7 முதல் 0.8 எம்எம். மாற்ற வேண்டுமானால் வளைந்த வெளிக் கம்பியை மட்டும் தொடுங்கள். நடு முனையை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும்.

மரைக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், வழுக்கலில் அளவுக்கு மேல் முறுக்கிவிடுவோம். அரையடி பெட்ரோல் ஹோஸை பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துக் கையாலேயே திருகி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிக்கொண்டு சுற்றும், உடனே தெரிந்துவிடும். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனர் போட்டு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கழற்றிய பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். ஸ்பேனரில் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினால் போதும்.

ஒயர் மூடி 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அடுத்த முறை அடிவாரத்திலிருந்து மூட்டையோடு ஏறி இறங்கியபின் ஒரே ஒரு பிளக்கை மட்டும் கழற்றி நிறம் பாருங்கள். கழற்றிய பழைய நான்கில் நல்லதாக இருக்கும் இரண்டைத் துடைத்து, ஸ்பேனரோடு ஒரு துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். மேலே ராத்திரியில் ஸ்பேர்ஸ் கடை திறந்திருக்காது.