படகுத்துறையில் நன்றாகத்தான் ஓடியது: பழைய படகு வாங்குவோர் இன்ஜினில் செய்யும் தவறுகள்

வாங்கிய சில மாதங்களிலேயே இன்ஜின் கோளாறு என்று பழுதுபார்க்க வரும் படகுகளில், வாங்கிய பிறகு புதிதாக முளைத்த கோளாறு அபூர்வம். கைமாறிய அன்றே அது உள்ளேதான் இருந்திருக்கும். பார்க்க வேண்டிய விதத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எல்லாரும் விழுந்த குழிதான். இப்போது வருகிற தம்பிகளும் வரிசையாக அதே குழியில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் மாற்றம், காப்புறுதி, உயிர்காப்பு அங்கி இதையெல்லாம் யாரும் சொல்லாமலே கவனித்துக்கொள்வீர்கள். நேராக இன்ஜினுக்கு வருவோம்.

கட்டிய படகில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது

வருஷக்கணக்காகப் பார்த்தும் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது. இங்கே சிங்கப்பூரில், பொங்கோல் பக்கம் ஒரு படகு, இரண்டு டீசல் இன்ஜின். வாங்கிய தம்பி மூன்று முறை போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று முறையும் விற்பவர் படகைக் கட்டியபடியே இன்ஜினைப் போட்டுக் காட்டினார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை, சத்தமும் சீர். கையெழுத்து ஆயிற்று. அதன் பிறகு பக்கத்துத் தீவான புலாவ் உபின் வரை மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஒரு நீண்ட வார இறுதியில் குடும்பத்தோடு சாங்கியைச் சுற்றித் தெற்குத் தீவுகளுக்குக் கிளம்பி, முதல் முறையாக முழு வேகத்துக்குத் தள்ளியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வெப்ப எச்சரிக்கை அலறியது. இன்னொரு இன்ஜினில் ஊர்ந்து திரும்பினார்கள்.

திறந்து பார்த்தபோது, இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் குழாய்களில் பாதிக்கு மேல் உப்புப் படிவு. சிலிண்டர் மூடியின் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் கலந்து ஆயில் பால்கோப்பி நிறத்தில் இருந்தது. “படகுத்துறையில் நல்லாத்தான் ஓடுச்சு அண்ணே” என்றார். ஓடும்தான்! ஏரில் பூட்டாமல், தொழுவத்தில் கட்டிவைத்தே மாட்டுக்கு விலை பேசினால் இப்படித்தான் ஆகும்.

கியர் போடாமல் ஓடுகிற இன்ஜினுக்குச் சுமை கிட்டத்தட்டக் கிடையாது. ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி, தோராயமாகச் சுழற்சி வேகத்தின் முப்படியில் ஏறும். அதாவது, அதிகபட்சச் சுழற்சியில் பாதியில் ஓட்டினால் இன்ஜின் எட்டில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது. அந்த வெப்பத்தை அரைகுறையாக அடைத்த வெப்பமாற்றியும் சமாளித்துவிடும். கடலில் இறங்கி அரை வேகத்தில் ஒரு சுற்றுப் போனாலும் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். நம் கடல்நீர் வேறு வருஷம் முழுக்க 28, 30 டிகிரியில் இருக்கிறது. குளிர்கடலில் தப்பிக்கக்கூடிய குளிர்விப்பு இங்கே தப்பிக்காது.

சரி, எப்படிப் பார்ப்பது? சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். முதல் வேலையாக இன்ஜின் மீது கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கிவிட்டார் என்று அர்த்தம். “பேட்டரி சார்ஜ் ஏறட்டும்னு போட்டேன்” என்பார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஆறிய இன்ஜின் கிளம்பும் அந்த முதல் நிமிடத்தில் தெரிவது அப்புறம் தெரியாது. கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து சீக்கிரம் அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றைச் சுருக்கும் அழுத்தம்) குறைவு, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கோளாறு அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

அப்புறம் கடலுக்கு. வேகக் கட்டுப்பாடு உள்ள பகுதியைத் தாண்டி, கப்பல் நெரிசல் இல்லாத இடமாகப் பார்த்து முழு வேகத்துக்குத் தள்ளுங்கள். பத்து நிமிடமாவது அங்கேயே வைத்து மீட்டரைக் கவனியுங்கள். வெப்பம் ஓரிடத்தில் ஏறி நின்றுவிட வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் குளிர்விப்பு போதவில்லை. தயாரிப்பாளர் சொன்ன சுழற்சியை இன்ஜின் எட்டுகிறதா என்றும் பாருங்கள். நிமிடத்துக்கு 3,800 சுற்று வர வேண்டியது 3,300-லேயே திணறிக் கரும்புகை தள்ளினால் எங்கோ கோளாறு.

இந்த இடத்தில் விற்பவர், “அடியில் சிப்பி ஒட்டியிருக்கு, அதான்” என்பார். உண்மையாகவே இருக்கலாம். நம் தண்ணீரில் சில வாரம் சும்மா நின்றாலே ப்ரொப்பெல்லரில் சிப்பி பிடிக்கும். அப்படியானால் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டட்டும். காரணம் சொல்லிவிட்டார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சாக்கு, “லைசென்ஸ் முடிஞ்சிடுச்சு, வெளியே எடுக்க முடியாது.” கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் இல்லாமல் படகை எடுக்க முடியாது என்பது சரிதான். அவர் புதுப்பிக்கும் வரை காத்திருங்கள். அதற்கு மனமில்லாதவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

திரும்பி வந்ததும் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். படகின் அடித்தளத்தில் புதிதாகத் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள்.

குறைந்த மணி நேரத்தைப் பார்த்து மயங்குவது

“பத்து வருஷப் படகு, 300 மணி நேரம்தான் ஓடியிருக்கு” என்று விளம்பரம் வரும். எனக்கு அது பயம் தருகிற வரி. உப்புக்காற்றிலும் ஈரப்பதத்திலும் ஓடாமல் நிற்கிற இன்ஜின்தான் சீக்கிரம் கெடும். தண்ணீர் பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் மடிந்த நிலையிலேயே இறுகிவிடும். கடல்நீர் உள்ளேயே தேங்கி அரிக்கும். ஒழுங்காக ஆயில் மாற்றி வாராவாரம் ஓடிய 2,000 மணி நேர டீசலை நான் தயங்காமல் எடுப்பேன்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது புகைக்குழாய் முழங்கை. வெளியேறும் புகையைக் குளிர்விக்க, கடல்நீரை அந்த இடத்தில்தான் கலக்கிறார்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஹோஸைக் கழற்றிப் பார்க்க மெக்கானிக்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். விற்பவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீட்டர் பெட்டியை மாற்றினாலும் மணிக்கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கணினிக் கட்டுப்பாடு உள்ள புதிய இன்ஜின்கள் பலவற்றில் உண்மைக் கணக்கு உள்ளேயே பதிந்திருக்கும். லேப்டாப் இணைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

புது ஆயிலைப் பார்த்து மகிழ்வது

நேற்று மாற்றிய ஆயில் எதையும் சொல்லாது. பழைய ஆயிலாக இருந்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரும்பு, செம்பு, சோடியம் எவ்வளவு என்று சொல்வார்கள். சோடியம் அதிகமென்றால் கடல்நீர் உள்ளே போயிருக்கலாம். புது ஆயில் போட்டிருந்தால், பழையதை எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு ரசீதும் வாங்கிப் பாருங்கள்.

சர்வேயர் பார்த்துவிட்டார் என்று நிம்மதி அடைவது

படகைப் பரிசோதித்து அறிக்கை தருகிற சர்வேயர் பெரும்பாலும் அதன் உடலைத்தான் ஆழமாகப் பார்ப்பார். இன்ஜினைப் பற்றி அறிக்கையில் நாலு வரி இருக்கும், அதிலும் “இயக்கிப் பார்க்கப்படவில்லை” என்று ஒரு வரி. அறிக்கைக்குப் பணம் கொடுத்தவர்களே அதைப் படிப்பதில்லை. இன்ஜினுக்குத் தனியாக ஒரு மெக்கானிக்கை வையுங்கள். அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) என்றால் எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட நன்றாகக் குறைந்திருந்தால் அதுதான் உங்கள் விலைப்பேச்சின் தொடக்கம்.

விற்பவரின் மெக்கானிக்

வேண்டாம்.

இரண்டு இன்ஜினில் ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்ப்பது

நல்லதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்கள்.

டேங்கின் அடியை மறப்பது

பாதி காலியான டேங்கில் நம் ஊர் ஈரக்காற்று தண்ணீராகப் படியும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்து சேறு போல் ஆகிவிடும். அமைதியான நீரில் அது அடியில் கிடக்கும். அலை அதிகமானால் கலங்கி ஃபில்டரை அடைக்கும், அதாவது இன்ஜின் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில். முன்ஃபில்டர் கிண்ணத்தில் கருப்பாக ஏதாவது மிதக்கிறதா என்று பாருங்கள்.

லெமன் சட்டம் இருக்கிறதே என்று துணிவது

குறையுள்ள பொருளை விற்றவரே சரிசெய்யவோ மாற்றித் தரவோ வேண்டும் என்று 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டம், வணிகரிடம் வாங்குகிற பொருளுக்கு. இன்னொரு தனிநபரிடமிருந்து வாங்கிய படகுக்கு அது வராது. “இருக்கும் நிலையிலேயே” என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பிறகு பேச்சு எடுபடாது. கடலில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி இல்லையென்றால் முன்பணம் திரும்ப வரும் என்று, பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

உதிரிப்பாகம்

இன்ஜினின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு, இம்பெல்லரும் கேஸ்கெட்டும் இப்போதும் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். விலை பேசுவதற்கு முன்பே.