பழைய பத்மினியை வீட்டில் புதுப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில் பழைய பியட், பத்மினி, அம்பாசிடர் கார்களை வாங்கி வீட்டு வாசலிலேயே புதுப்பிக்க முனையும் இளைஞர்களைத் தொடர்ந்து சந்திக்கிறேன். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். கழற்றிய போல்ட்டுகளைப் பிரித்து வைப்பது, துருவின் மேல் பெயின்ட் அடிக்காமல் இருப்பது போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரு பக்கக் கதவடித் தகடுகளையும் ஒரே நேரத்தில் வெட்டுவது

பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் லாரியில் இருப்பது போன்ற தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் பெட்டி போல ஓடும் கதவடித் தகடு, தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றாக இணைந்தே வண்டியின் எடையைத் தாங்குகின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. ஆகவே ஹெரால்டில் கை பழகியவர் சொல்லும் யோசனையைப் பத்மினியில் அப்படியே கடைப்பிடிக்கக் கூடாது. மழைநீரும் சேறும் உள்ளே தங்குவதால் முதலில் மட்கிப்போவது இந்தக் கதவடித் தகடுதான். எனவே, வண்டியை வாங்கியவர் முதலில் வெட்டச் சொல்வதும் அதையே.

சத்துவாச்சாரியில் ஒருவர் நல்ல எஞ்சினுடன் கூடிய பத்மினி ஒன்றை வாங்கினார். வேலையை ஒரே நாள் கூலியில் முடித்துவிட வேண்டும் என்று வெல்டர் வண்டியின் முன்னும் பின்னும் மட்டும் கட்டை கொடுத்துத் தூக்கி, கதவுகள் நான்கையும் கழற்றி, இரு பக்கத் தகடுகளையும் காலையிலேயே வெட்டி எடுத்துவிட்டார். தாங்கும் தகடு போனதும் வண்டியின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவில் கீழே தொய்ந்தது. அந்தத் தொய்வோடு சேர்த்தே மாலையில் புதிய தகடுகள் பற்றவைக்கப்பட்டன. மறுநாள் கதவை மாட்டியபோது அதன் மேல்மூலை நடுத்தூணில் இடித்தது. கீலை நெம்பினார்கள், கதவின் விளிம்பைத் தட்டினார்கள், கடைசியில் கதவுக்கும் தூணுக்கும் இடையே சீரில்லாமல் தெரிந்த இடைவெளியைப் பட்டி போட்டு மறைத்துப் பெயின்டும் அடித்துவிட்டார்கள். குண்டும் குழியுமான சாலையில் ஓடத் தொடங்கியதும் பட்டி வெடித்தது. பிறகு புதிய தகடுகளையே மீண்டும் வெட்டி, நடுவில் ஜாக்கி கொடுத்து நிமிர்த்தி, எல்லா வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் மூன்றுக்கும் இரண்டு முறை பணம் கொடுத்த அந்த மனிதரை நினைக்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சில அடி இரும்புக் குழாய் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, அச்சுகள் இருக்கும் இடங்களிலும் நடுவிலும் தாங்கு கொடுக்க வேண்டும். கதவு வாசலின் குறுக்கே, முன்தூணிலிருந்து நடுத்தூணுக்கும் நடுத்தூணிலிருந்து பின்தூணுக்கும், சதுரக் குழாயைப் பற்றவைக்க வேண்டும். இடது வலது நடுத்தூண்களை இணைத்து இன்னொரு குழாய் அவசியம். கதவை மாட்டிப் பார்க்க வழி இருக்கும்படி குழாய்களை உட்புறமாக வைப்பது நல்லது. பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டை வண்டியின் அடியில் நான்கு நிலையான இடங்களிலிருந்து தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, மூலைவிட்டங்களை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடலாம். புதிய தகட்டை முதலில் இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, கதவை மாட்டி மூடிப் பார்த்து, மூலைவிட்டங்களையும் மறுபடி அளந்த பிறகு முழு வெல்டிங் செய்ய வேண்டும். மெல்லிய தகட்டில் கேஸ் வெல்டிங்கின் சூடு பரவி நெளிவு உண்டாகும் என்பதால் சி.ஓ.2 வெல்டிங்கே பொருத்தமானது. தகட்டின் அடியில் இருந்த நீர் வடியும் துளைகளைப் புதியதிலும் விட மறந்துவிட்டால், சில மழைக்காலங்களில் அது மறுபடி மட்கிவிடும்.

பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது

ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் குழாயை மாற்றாமல் விடுவது

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாப்ரம் என்னும் சவ்வும் அதைத் தாங்குவதில்லை.

ரிலே இல்லாமல் பெரிய பல்பு போடுவது

ரிலே என்பது விளக்குக்குப் போகும் அதிக மின்னோட்டத்தைச் சுவிட்ச் வழியே விடாமல் தானே தாங்கும் மின்சார இணைப்பான். பழைய சுவிட்சும் ஒயரும் அந்த மின்னோட்டத்துக்கு ஏற்றவை அல்ல. சுவிட்ச் உருகும், சில நேரம் தீயும் பிடிக்கும்.

ஆம்பூர்த் தோலைப் பார்த்தவுடன் வாங்குவது

நம் ஊரில் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று கேட்ட இடத்தில் எல்லாம் கிடைக்கும். ஆனால் காலணிக்காகப் பதப்படுத்திய தோல், வேலூர் வெயிலில் மூடிய காருக்குள் மாதக்கணக்கில் காய்வதற்கு உரியது அன்று. விரைவில் நிறம் மங்கி வெடிக்கும். கார் இருக்கைக்கென்று பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய தோற்றமே வேண்டும் என்பவருக்கு நல்ல ரெக்சின் போதும்.

பருவம் பாராமல் பெயின்ட் அடிப்பது

அக்கினி நட்சத்திரத்தில் திறந்த முற்றத்தில் ஸ்பிரே செய்தால், தின்னர் பரப்பில் படியும் முன்பே ஆவியாகிப் பெயின்ட் சொரசொரப்பாக உட்காரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வெண்மை பூத்ததுபோல் மங்கும். இதைவிடப் பெரிய கேடு, ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் பூசிய வண்டியை மழைக்காலம் முழுவதும் வாசலில் நிறுத்துவதாகும். பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, ஆகையால் மேலே பெயின்ட் ஏறும் முன்பே அடியில் துரு தொடங்கிவிடும். தை, மாசி மாதங்களில் தகட்டு வேலையையும் பெயின்ட்டையும் சேர்த்து முடிக்கும்படி திட்டமிடுவது நம் பகுதிக்கு ஏற்றது.

ஆர்.சி. புத்தகத்தைப் பாராமல் மாற்றம் செய்வது

1089 சி.சி. எஞ்சினுக்கும் நான்கு டிரம் பிரேக்குகளுக்கும் வடிவமைத்த பத்மினியில் கனமான டீசல் எஞ்சினை ஏற்றுபவர்கள், பிரேக்கைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். அடுத்து சட்டம் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்து, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் எண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டுகள். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டவும் அனுமதி இல்லை. ஆகவே வண்டியைத் தினமும் ஓட்டப் போகிறோமா, விண்டேஜாகப் பாதுகாக்கப் போகிறோமா என்பதை முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே முடிவு செய்யுங்கள். எந்தப் பதிவாக இருந்தாலும், சேசிஸ் எண் பொறித்த தகட்டின் அருகில் கிரைண்டரைக் கொண்டுபோகும் முன், எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நகலெடுத்து, ஆர்.சி.யுடன் ஒப்பிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.