கையில் பிடித்தே மெதுவான ஷட்டரில் படம் எடுக்க: ஸ்டெபிலைசேஷனை எவ்வளவு நம்பலாம்?

கை ஆடினாலும் படம் கலங்காதபடி, லென்ஸின் உள்பகுதியோ படம் பதியும் சென்சாரோ எதிர்த்திசையில் அசைந்து ஈடுகட்டுவதுதான் ஸ்டெபிலைசேஷன். லென்ஸ் பெட்டியில் அதற்கு "5 ஸ்டாப்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கலாம் என்று அர்த்தம். நானும் அதை அப்படியே நம்பி, முதல் வாரமே இருட்டில் அரை நொடி ஷட்டரில் சுட்டுத் தள்ளினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அருமையாகத் தெரிந்தது, கணினியில் போட்டுப் பெரிதாக்கினால் பத்துக்கு எட்டு படம் கலங்கல். லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. அந்த 5 ஸ்டாப் என்பது கேமராவை அதிர்வு மேடையில் ஏற்றி, குறிப்பிட்ட அளவு ஆட்டி அளந்த கணக்கு. நம் கை எவ்வளவு ஆடும் என்று அந்த மேடைக்கு எப்படித் தெரியும்? அதனால் பெட்டியில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு, உங்கள் கைக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பழைய கணக்கு ஒன்று. ஸ்டெபிலைசேஷன் இல்லாதபோது ஷட்டர் வேகம் குறைந்தது 1/ஃபோக்கல் லெங்த் (லென்ஸில் மி.மீ.யில் போட்டிருக்கும் எண்) இருக்க வேண்டும் என்பார்கள். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 நொடி. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1.5ஆல் பெருக்கி 75, அதாவது ஏறக்குறைய 1/80. இங்கிருந்து ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரட்டிப்பாகும்: 1/80, 1/40, 1/20, 1/10, 1/5. ஆக நான்கு ஸ்டாப் உண்மையிலேயே கிடைத்தால் 1/5 நொடி வரை கையில் பிடிக்கலாம். கிடைக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் அறை விளக்கில், எழுத்து தெரிகிற மாதிரி எதையாவது எதிரே வையுங்கள், புத்தக அலமாரி போதும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் ஷட்டர் முன்னுரிமை முறைக்கு மாறி, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற அளவை) ஆட்டோவில் விட்டுவிட்டு, 1/80இல் பத்து படம், 1/40இல் பத்து படம் என்று ஒரு நொடி வரை இறங்குங்கள். எல்லாவற்றையும் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்தில் ஏழு கூர்மையாக இருக்கும் கடைசி வேகம்தான் உங்கள் எல்லை. அப்புறம், மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கும்போது இதையே இன்னொரு முறை செய்து பாருங்கள். வெளியே அலைந்து திரிந்து படம் எடுக்கும்போது உங்கள் நிலைமை அதுதான் என்பதால் நான் இரண்டாவது எண்ணைத்தான் நம்புவேன்.

இனி பிடிக்கும் முறை. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், இடது கை லென்ஸை அடியிலிருந்து தாங்கட்டும், வியூஃபைண்டர் இருந்தால் அதைக் கண்ணோடு அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுத்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் அங்கேயே போய்விடும். சுவர், தூண், கதவு நிலை என்று எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பலரும் தவறவிடுவது அடுத்த விஷயத்தைத்தான்: ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, அரை நொடி முதல் ஒரு நொடி வரை பொறுக்க வேண்டும். வியூஃபைண்டரில் காட்சி மிதப்பது போல் அசைந்து பிறகு ஓரிடத்தில் நிற்கும், அதன் பிறகுதான் மூச்சைப் பாதி வெளியே விட்டு, பொத்தானை மெதுவாக உருட்டுவதுபோல் அழுத்த வேண்டும். சடாரென்று குத்தினால் அந்தக் குத்தே கேமராவைக் கீழே இழுத்துவிடும். தொடர் முறையில் வைத்து மூன்று நான்கு படங்களாக எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் விரலின் அசைவு முதல் படத்திலும் கடைசிப் படத்திலும்தான் அதிகம், நடுவில் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும்.

சரி, இவ்வளவும் செய்தாலும் ஸ்டெபிலைசேஷனால் முடியாத ஒன்று இருக்கிறது. அது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும்தான் பிடிக்கும், எதிரே இருப்பவரின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மனிதர் பேசிக்கொண்டிருந்தால் 1/125 ஆவது வேண்டும், ஓடும் குழந்தைக்கு 1/500. அங்கே 1/8இல் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவதில் அர்த்தமில்லை, ஐஎஸ்ஓவை ஏற்றுவதுதான் வழி. கொஞ்சம் நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) வந்தால் வரட்டும், முகம் கலங்கிய படத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

அசையாத விஷயங்களில்தான் இதன் முழுப் பலன். கட்டடத்தின் உட்புறம், சிலை, ஆளில்லாத இரவுத் தெரு போன்ற இடங்களில் 1/50, ஐஎஸ்ஓ 3200 என்று எடுக்க வேண்டியதை 1/6, ஐஎஸ்ஓ 400இல் எடுத்துவிடலாம், மூன்று ஸ்டாப் லாபம். அசைவையே வேண்டுமென்று கலங்க விடுவது இன்னும் சுவாரசியம். ஓடும் தண்ணீரை 1/4 அல்லது 1/2 நொடியில் கையில் பிடித்தே எடுத்தால் பாறை கூர்மையாக நிற்க, தண்ணீர் மட்டும் பட்டு போல வழியும். பகலில் இதற்கு ஐஎஸ்ஓவை ஆகக் குறைத்து அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப்/11க்குச் சுருக்குங்கள், அதுவும் போதாவிட்டால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர்.

ஸ்டெபிலைசேஷன் லென்ஸில் இருப்பது நல்லதா, கேமராவுக்குள் சென்சாரே அசைவது நல்லதா என்று கேட்பவர்களுக்கு: தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் நீளமான டெலி லென்ஸ்களுக்கு லென்ஸில் இருப்பது, குறைந்த ஃபோக்கல் லெங்த்துக்கு சென்சார். டெலியில் ஒரு சிறு சாய்வுக்குக்கூட சென்சார் ரொம்ப தூரம் நகர வேண்டியிருக்கும், அதற்கு உள்ளே அவ்வளவு இடம் கிடையாது. ஆனால் கேமரா சுழல்வதுபோல் கோணலாவதைத் திருத்த சென்சாரால்தான் முடியும்.

முக்காலியில் வைக்கும்போது ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், குறிப்பாகப் பழைய லென்ஸ் என்றால். எஸ்எல்ஆருக்கான (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமராவுக்கான) முதல் ஸ்டெபிலைசேஷன் லென்ஸ் 1995இல் கேனான் வெளியிட்ட 75-300 மி.மீ., அந்தக் காலத்து லென்ஸ்களுக்கு முக்காலியை அடையாளம் காணத் தெரியாது. இல்லாத ஆட்டத்தைத் தேடி அவையே படத்தை நகர்த்திவிடும். புதியவை பெரும்பாலும் தாமாகவே புரிந்துகொள்கின்றன.

கேமராவோடு பேசாத பழைய மேனுவல் லென்ஸை, சென்சார் அசையும் கேமராவில் மாட்டுகிறீர்களா? மெனுவில் ஃபோக்கல் லெங்த்தை நீங்களேதான் போட வேண்டும். மாட்டியிருப்பது 28, மெனுவில் நேற்று போட்ட 135 அப்படியே இருக்கிறது என்றால், கை ஆடியதைவிட சென்சார் அதிகமாக ஆடும். அதற்கு அணைத்துவிட்டு எடுப்பதே மேல்.